தேநீருக்குப் பின், ஏகமனதாக

மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தில் அவளுக்குப் பெயர் கமா. வயதில் சின்னவர்கள் கமாம்மா என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அன்றைக்கு நாட்டிலிருந்த பதினொரு மருத்துவக் கல்லூரிகளின் டீன்களும் கூடி ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். தட்டச்சாகி வந்த தாளில், 'ஒவ்வொரு கல்லூரியிலும் பெண்கள், விடுதி அமைக்க வேண்டும்' என்று இருந்தது. பதினொரு பேரும் படித்தார்கள், பதினொரு பேரும் தலையாட்டினார்கள். கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தாயிற்று. மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் எழுந்து நின்றாள்.

"ஐயா, இந்தப்படி பாத்தா பொண்ணுங்களேதான் செங்கல் சுமந்து விடுதி கட்டணும். பெண்களுக்குப் பின்னாடி நிக்கிற கமாவை எடுத்துடலாங்களா?"

பதினொரு பேரும் தாளை மறுபடி படித்தார்கள். பிறகு அறை குலுங்கச் சிரித்தார்கள். அவள் எடுத்துப் போட்டது ஒரு கமா. அன்று வீட்டுக்குக் கொண்டு போனதும் அதே கமாவைத்தான்.

இன்றைக்குச் சங்கத்துக்கு நாலு மாடிக் கட்டடமும் மின்தூக்கியும் முப்பத்தெட்டுக் கல்லூரிகளும் இருக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இருந்தது ஐந்து கல்லூரிகள்தான். ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் தேறிய பையனை இன்னொரு கல்லூரி மறுபடியும் முதல் வருஷத்தில் உட்கார வைத்தது. 'அந்த ஊர் உடம்பில் எலும்பு குறைவா, இந்த ஊர் உடம்பில் எலும்பு கூடுதலா' என்று கேட்டு அந்தப் பையனின் தகப்பன் ஐந்து டீன்களுக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார். பதில் சொல்ல முடியாமல் ஐந்து பேரும் ஓர் உடற்கூறு வகுப்பறையில் கூடினார்கள். சங்கம் பிறந்தது அப்படி. அலுவலகம் என்று கிடைத்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு சாமான் அறை. ஏழு வருஷம் கழித்துக் கமா வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே அறைதான். அங்கே ஏற்கெனவே மூன்று எலும்புக்கூடுகள் குடியிருந்தன. அதில் ஒன்றின் தோளில்தான் அவள் பையை மாட்டுவாள்.

அவள் வேலை கூட்டக் குறிப்பு எழுதுவது. டீன்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கூடுவார்கள். யார் வந்தார், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், என்ன முடிவானது, எத்தனை மணிக்கு. அறுபத்தாறு கூட்டங்களுக்கு எழுதியிருக்கிறாள். நேரத்தை நிமிஷம் பிசகாமல் போடுவாள். தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிப்பாள், பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பாள். அடித்த சொல் அடியில் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அவள் கட்டளை. "கிறுக்கி மறைக்கிறவ எதையோ ஒளிக்கிறவ" என்று புதிதாக வரும் தட்டச்சர்களிடம் சொல்வாள்.

பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. அந்த வருஷம் அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தது, எட்டு வயதில். அப்பா கேட்கவே இல்லை. பெரியவள் தானாகவே பள்ளிப் பையை எடுத்துப் பரண் மேல் வைத்தாள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதும், தங்கைக்குத் தலை பின்னுவதும், மதியத்தில் தட்டச்சு வகுப்புக்கு ஓடுவதுமாக அவளுக்கு வருஷங்கள் போயின. தங்கையின் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அவளேதான் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் முதலிடம்.

தங்கை வரலாறு படித்தாள், மேலே படித்தாள், முனைவரானாள், பேராசிரியரானாள். அவளுடைய ஆய்வேடு கமா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நடுத் தட்டில் நிற்கும். வருகிறவர்கள் பார்க்கவில்லை என்றால் கமாவே அலமாரிக் கதவைத் துடைக்கிற சாக்கில் திறந்து வைப்பாள். "என் தங்கச்சிதான். அவ படிச்ச படிப்புக்கு நாம பக்கத்துல நிக்க முடியாது." சொல்லும்போது குரல் நிமிரும். அவர்கள் போன பிறகு அலமாரியைக் கொஞ்சம் வேகமாகச் சாத்துவாள். அவள் நெஞ்சில் பெருமையும் பொறாமையும் சக்களத்திகள் மாதிரி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தின. ஒருத்தி சமைத்தால் இன்னொருத்தி பாத்திரத்தை உருட்டுவாள்.

சங்கத்துக்கு நாற்பதாம் ஆண்டு வந்தது. வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று எண்பதாம் கூட்டத்தில் முடிவானது. அந்தத் தீர்மானத்தை எழுதியவளும் கமாதான். அவளிடம் இருநூறு பக்க நோட்டு ஒன்று இருந்தது. பதினொரு வருஷமாக, யாரும் கேட்காமலே, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் பக்கத்தில் 'சங்கம் வந்த வழி' என்று தலைப்புப் போட்டு, இரண்டு கோடு அடிக்கோடிட்டிருந்தாள். மறுநாளிலிருந்து நோட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலுவலகம் போனாள். யாராவது கேட்டால் எடுத்து நீட்டலாம் என்று.

ஆறாம் நாள் செயலாளர் கூப்பிட்டார். செயலாளர் குழந்தை டாக்டர். பெரியவர்களிடமும் ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"கமாம்மா, உக்காருங்க. ஒரு நல்ல சேதி. வரலாறு எழுத ஆள் கிடைச்சாச்சு. வெளியாள் இல்ல, உங்க வீட்டு ஆள்தான்."

கமாவின் கை பையின் கொக்கியைத் திறந்தேவிட்டது.

"உங்க தங்கச்சி. பேராசிரியர். நேத்துதான் ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்குத்தான் எவ்வளவு பெருமை, இல்ல?"

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்" என்று சொல்லிக் கொக்கியை மாட்டினாள்.

வெளியே வந்தபோது வாசலில் சாவி அண்ணன் நின்றார். அலுவலக உதவியாளர். எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில் தொங்குவதால் அந்தப் பெயர்.

"என்ன கமாம்மா, மூஞ்சி சுண்டிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணா. நெஞ்செரிச்சல்."

"நெஞ்சா, வயிறா? முப்பத்தெட்டு காலேஜ் டாக்டருங்க வந்து போற இடம். ஆனா இந்த எரிச்சலுக்கு மட்டும் ஒருத்தர்கிட்டயும் மாத்திரை கிடையாது."

"வாயை மூடிக்கிட்டு ஆவண அறையைத் தொறந்து வைங்க. அவ நாளைக்கு வருவா."

"எவ?"

"பேராசிரியர் அம்மா" என்றாள் கமா.

தங்கை நாலு மாதம் வந்தாள். கணினியை மேசையில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கமாவின் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, "முத்து முத்தா இருக்குக்கா" என்றாள். மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பழைய டீன்களைப் பற்றி, பழைய கட்டடத்தைப் பற்றித் தங்கை ஒரு கேள்வி கேட்பாள் என்று கமா ஒவ்வொரு மதியமும் காத்திருந்தாள். தங்கை தன் மாணவர்களைப் பற்றிப் பேசினாள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். கடைசியில் கமாவே வாயைத் திறந்து கேட்டாள்.

"என்கிட்ட எதுவும் கேக்க வேண்டியது இல்லையா உனக்கு?"

"உன் குறிப்பு இருக்கும்போது உன்னை எதுக்குக்கா தொந்தரவு பண்ணணும்? பேச்சு மறந்துபோகும், மாறிப்போகும். எழுத்து மாறாது. அதுலயும் உன் எழுத்து அவ்வளவு துல்லியம்."

இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கமாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போகும் வரை. தண்ணீரில் கையை வைத்தபோது புரிந்தது: தன்னுடைய எழுத்தே தன் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை அச்சுக்குப் போகும் மெய்ப்புத் தாள்களோடு கமா வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, கமா மட்டும் பாத்துக் குடு. உன்னை விட்டா இந்த வேலைக்கு ஆள் கிடையாது. உள்விஷயமெல்லாம் முடிஞ்சாச்சு, அதைப் பத்திக் கவலைப்படாத."

மேலே அட்டைப் படம் இருந்தது. ஒரு பீங்கான் கோப்பை, சாசர், வளைந்து எழும் ஆவி. அதன் கீழே 'தேநீருக்குப் பின்: மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் நாற்பது ஆண்டுகள்'.

கமா அதை இரண்டு முறை படித்தாள்.

"தலைப்பு எப்படி?" என்றாள் தங்கை. "உன் மினிட்ஸ்லருந்துதான் எடுத்தேன். பத்தொன்பது தடவை வருது. தேநீருக்குப் பின் ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது, தேநீருக்குப் பின் ஏகமனதாக ஏற்கப்பட்டது. எல்லாப் பெரிய முடிவும் தேநீருக்குப் பின்னாடிதான் வந்திருக்கு. மேசையில முட்டிக்கிட்டவங்க கோப்பையைக் கையில எடுத்ததும் மனுஷங்களாயிடறாங்க. புத்தகமே அதைச் சுத்தித்தான் எழுதியிருக்கேன்."

"நல்லாருக்கு" என்றாள் கமா.

தங்கை போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் நன்றியுரையைப் படித்தாள். ஒன்பது வரி. துணைவேந்தர், செயலாளர், இரண்டு பேராசிரியர்கள், வடிவமைப்பாளர். பைண்டிங் செய்தவருக்கு அரை வரி. அதற்குப் பிறகு 'மற்றும் அலுவலகப் பணியாளர்களுக்கும்'. அந்த 'கும்'மில் முப்பத்து மூன்று வருஷம் அடங்கியிருந்தது. பணியாளர் என்றால் சாவி அண்ணனும் சேர்த்தி.

பிறகு நாலாம் அத்தியாயம் வந்தது. 'நாற்பத்தைந்து நிமிடத் தேநீர்.'

பதினேழாம் கூட்டத்தைப் பற்றியது அது. ஒரு கல்லூரிக்கு ஒரு ஓட்டா, அல்லது மாணவர் எண்ணிக்கைக்குத் தக்க ஓட்டா என்பது அன்றைய கேள்வி. மாணவர் எண்ணிக்கை என்று போயிருந்தால் இரண்டு பெரிய கல்லூரிகளே சங்கத்தை நடத்தியிருக்கும். மற்றவர்கள் வந்து கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். குறிப்பேட்டில் கமா எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'காலை 10.20. 11.05 மணிக்குத் தேநீருக்குப் பின், கல்லூரிக்கு ஒரு வாக்கு என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.' தங்கை அதை வைத்து ஆறு பக்கம் எழுதியிருந்தாள். அவசரமில்லாத அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பத்தி. அன்றைய தலைவர், நாட்டின் மிகப் பெரிய கல்லூரியின் டீன், தன் பலத்தைத் தானே விட்டுக்கொடுத்த பெருந்தன்மையைப் பற்றி இரண்டு பத்தி. 'ஒரு கோப்பைத் தேநீரின் முன்னால் அவர் தன் நாற்காலியைச் சிறிதாக்கிக்கொண்டார்' என்று ஒரு வாக்கியம். நல்ல வாக்கியம்தான். கமாவுக்கு மட்டும் ஒன்று தெரியும்: அன்று அந்த அறையில் தேநீரே வரவில்லை.

அன்று நடந்தது வேறு. பத்து இருபதுக்குத் தலைவர் மேசையைத் தட்டி, "சின்னக் கல்லூரிங்க சின்னக் கல்லூரி மாதிரி நடந்துக்கணும்" என்றார். ஐந்து சின்னக் கல்லூரி டீன்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். மாடிப்படியில் நின்று, இன்றோடு தனிச் சங்கம் என்று பேசினார்கள். உள்ளே ஆறு பேர், சனியன் விட்டது என்று தீர்மானத்தை எழுதச் சொன்னார்கள். கமாவுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே படிக்கட்டுக்குப் போனாள்.

"ஐயா, நீங்க அஞ்சு பேரும் காலையில கையெழுத்துப் போட்டுட்டீங்க. எழுத்துப்படி நீங்க உள்ளதான் உக்காந்திருக்கீங்க. இப்ப அவங்க எதை முடிவு பண்ணாலும் 'வந்திருந்த பதினொரு பேரும் ஏகமனதாக'ன்னுதான் நான் எழுதணும். வேண்டாம்னு சொல்றதுக்காவது உள்ள வந்துதான் ஆகணும்."

அதில் ஒருவர் அறுவை மருத்துவர், குள்ளமானவர். தையல் டாக்டர் என்று பெயர். அவர்தான் முதலில் சிரித்தார். "ஏம்மா, எங்க கையெழுத்தாலயே எங்களைக் கட்டிப் போட்டுட்டியே" என்றார். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் படிக்கட்டிலேயே வாதம். பதினொன்று ஐந்துக்கு ஐவரும் திரும்பி வந்தார்கள். பெரியவர்கள் பக்கத்தில் ஒருவர் மனம் மாறினார். ஆறுக்கு ஐந்து. தலைவர் முகம் கறுத்துப்போனது. "ஆறு அஞ்சுன்னு போட்டா வெளியில சிரிப்பாங்க. ஏகமனதுன்னே இருக்கட்டும்" என்றார். "அப்ப அந்த நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு என்னங்க ஐயா எழுதறது?" என்று கேட்டாள் கமா. "ஏதாவது எழுதும்மா."

நேரத்தை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் தேநீர் என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாதாரணப் பேச்சு என்றால் 'விவாதத்துக்குப் பின்'. குரல் உயர்ந்தால் 'விரிவான விவாதத்துக்குப் பின்'. யாராவது எழுந்து போனாலோ, தாளைக் கிழித்தாலோ, 'தேநீருக்குப் பின்'. பத்தொன்பது முறை. டீன்கள் எல்லோருக்கும் இது தெரியும். படித்துவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

கமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். உள்ளே ஏதோ ஒன்று குளுகுளு என்று இருந்தது. அதற்கு மகிழ்ச்சி என்று பெயர் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. வெளியீட்டு விழாவுக்குப் பழைய டீன்கள் வருவார்கள். தையல் டாக்டருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் வருவார், முன் வரிசையில் உட்காருவார். தங்கை மேடையில் கோப்பையைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் பேசும்போது, "எந்தத் தேநீர்மா?" என்று கேட்பார். அரங்கம் சிரிக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து இன்று வரை முதலிடத்தையே பார்த்த முகம் அப்போது எப்படி இருக்கும்? அந்த முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் கமா. எழுத்து மாறாது என்று சொன்னது யார்? கமா மட்டும் பார் என்று சொன்னது யார்?

கமா மட்டும் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தம். நாலாம் அத்தியாயத்தில் மட்டும் பதினாறு. 'பெருந்தன்மை' என்ற சொல்லுக்குப் பின்னால் தேவையில்லாமல் நின்ற கமாவைக்கூட எடுத்தாள். சொல்லை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை தாள்களை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை அடுப்படியில் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள்.

"இவ்வளவு பிழையா விட்டிருக்கேன்? நல்லவேளை நீ இருக்க. அக்கா, இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேனே. அந்தப் பழைய தலைவரோட மகன் விழாவுக்கு வர்றாராம். அவரை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, அந்த நாற்காலியைச் சிறிதாக்கிக்கொண்டார்ங்கிற பாராவை நானே வாசிக்கப்போறேன். அப்பாவைப் பத்தி இப்படி ஒருத்தர் எழுதி இதுவரைக்கும் கேட்டதே இல்லன்னு போன்ல அழுதுட்டாரு."

தங்கை விழுவதைத் தாங்கிக்கொள்ளக் கமா தயாராகத்தான் வந்திருந்தாள். அந்த ஆள் ஏறுவதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"அந்த ஆளுக்கா?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "அந்த ஆளுக்குப் பொன்னாடையா?"

"ஏன்க்கா?"

"நாற்காலியைச் சிறிசாக்கிக்கிட்டாராம். அவர் நாற்காலியில இருந்து எழுந்திருக்கவே இல்லடி. எழுந்து போனவங்க வேற. போய்க் கூட்டிக்கிட்டு வந்தவ வேற. அன்னைக்குத் தேநீரும் வரல, ஒரு மண்ணும் வரல."

தங்கை அடுப்பை அணைத்தாள். கமா சொன்னாள். படிக்கட்டு, பதிவேடு, ஆறுக்கு ஐந்து, முகம் கறுத்தது, ஏதாவது எழுதும்மா. பத்தொன்பதையும் வரிசையாகச் சொன்னாள்: எந்தக் கூட்டத்தில் யார் எழுந்து போனார், யார் கிழித்தார்.

"ஒண்ணுலகூடவா நிஜமான தேநீர் இல்ல?" என்றாள் தங்கை கடைசியில்.

"நிஜமான தேநீரை யாராவது குறிப்புல எழுதுவாங்களாடி?"

தங்கை மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அட்டைப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன்க்கா முதல்லயே சொல்லல?"

"நீ கேக்கல."

"புரூஃப்ல எழுதியிருக்கலாமே. ஓரத்துல ஒரு வரி?"

"கமா மட்டும் பாக்கச் சொன்ன."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வயதில் தலை பின்னும்போது வலித்தால் பார்க்கிற அதே பார்வை.

"வேணும்னேதான் விட்டியா?"

வேறு யாராவதாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஒரு நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதத் தெரியாதவள் அவள்.

"ஆமா" என்றாள்.

தங்கை எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். இரண்டு டம்ளர் தேநீரோடு வந்து ஒன்றைக் கொஞ்சம் சத்தமாகவே அக்கா முன்னால் வைத்தாள்.

"குடி. மீதியைத் தேநீருக்குப் பின் பேசிக்கலாம்."

கமாவுக்குச் சிரிப்பு வந்தது. வராமல் அடக்கப் பார்த்ததில் புரையேறியது. தங்கை எழுந்து வந்து தலையில் தட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் பலமாகவே.

குடித்து முடித்ததும் தங்கை ஒரு நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்தாள். "முதல்லருந்து சொல்லு. எத்தனை மணி?" என்றாள். கமா சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதுவதைத் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்த கமா, "அந்த இடத்துல கமா வேணும்" என்றாள். தங்கை போட்டாள். இரண்டு பக்கம் ஆனபோது தங்கையின் கை நின்றது. கவிழ்த்து வைத்த அட்டைப் படத்தை நிமிர்த்தினாள். அந்தக் கண்ணில் வந்த வெளிச்சத்தைக் கமாவுக்கு நன்றாகத் தெரியும். மதிப்பெண் அட்டை கொண்டு வருகிற நாட்களில் தெருமுனையிலேயே தெரிகிற வெளிச்சம்.

"அக்கா, தலைப்பை மாத்தவே வேண்டாம். இப்பத்தான் இதுக்கு அர்த்தமே வருது. முதல் அத்தியாயத்துல எல்லாரும் நிஜத் தேநீர்னு நம்பட்டும். நாலாவதுல உடைக்கிறேன். இதைவிட நல்ல தலைப்பே கிடைக்காது."

கமா டம்ளரின் அடியைப் பார்த்தாள். தங்கையைப் பள்ளத்தில் தள்ளினால்கூட, அங்கேயும் அவளுக்கென்று யாரோ பாய் விரித்து வைத்திருக்கிறார்கள். இருந்த சரக்கையும் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாயிற்று.

"இதையெல்லாம் வேற எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?" என்றாள் தங்கை.

பை மடியில் இருந்தது. இருநூறு பக்க நோட்டின் முனை தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றாள் கமா. அவள் சொன்ன பொய்களில், தேநீரை விட்டால், இது ஒன்றுதான்.

விழா ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. கமா வழக்கம்போல ஓரத்து நாற்காலியில், மடியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். தங்கை எழுதி வைத்துப் படிக்கவில்லை. கோப்பையைப் பற்றி ஆரம்பித்தாள், அந்த அவசரமில்லாத காலத்தைப் பற்றிப் பேசினாள், எல்லோரும் இதமாகத் தலையாட்டினார்கள். பிறகு நிறுத்தினாள். "நிஜமான தேநீரை யாரும் குறிப்பில் எழுதுவதில்லை. இதை எனக்குச் சொன்னவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்றாள். முன் வரிசையில் தையல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பின்வரிசை வரை பரவியது. பழைய தலைவரின் மகன்கூட, பொன்னாடை இல்லாமலே, சிரித்தார்.

"அந்தக் கமாப் பொண்ணு எங்க?" என்று தையல் டாக்டர் கைத்தடியை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். "எங்க கையெழுத்தாலயே எங்களைக் கட்டிப் போட்டவ?"

கமா பாதி எழுந்தாள், பாதி உட்கார்ந்தாள். கைதட்டினார்கள். அதன் பிறகு தங்கையின் பேச்சு முடிந்தபோது தட்டியது அதைவிட நீளமாக இருந்தது. கமா கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

புத்தகத்தைப் பிரித்து முதலில் கடைசிப் பக்கங்களைப் பார்த்தாள். 'குறிப்பு 41: சங்கத்தின் கூட்டக் குறிப்பாளர், நூலாசிரியரின் தமக்கை, நேர்காணல்.' ஒரு வரி. இரண்டு கமாவும் சரியான இடத்தில் இருந்தன.

திங்கட்கிழமை காலை விழாவின் குறிப்பை எழுத உட்கார்ந்தாள். சாவி அண்ணன் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகும்போது, "வயிறு எப்படி இருக்கு கமாம்மா?" என்றார்.

"இருக்கு அண்ணா. ஆனா சாப்பிட முடியுது."

வந்தவர்கள், நேரம், வரவேற்பு, வெளியீடு. பத்து நாற்பதுக்கு நூலாசிரியர் உரை. இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ பெரிய டாக்டர்கள் அந்த மேடையில் பேசியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான்: உரையாற்றினார். நன்றாகப் பேசினாரா இல்லையா என்பது குறிப்பாளரின் வேலை இல்லை.

'நூலாசிரியர் சிறப்பாக உரையாற்றினார்' என்று எழுதினாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அளவுகோலை எடுத்து வைத்து, 'சிறப்பாக' என்ற சொல்லின் நடுவில் ஒரே ஒரு மெல்லிய கோடு போட்டாள். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் இருக்கும் சொல் படிக்கத் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது.